ஒரு சைஸ் பெரிய ரெயின்கோட்

போன வாரம் பெரியம்மாவைக் குடும்ப நீதிமன்றத்துப் படிக்கட்டில், ஒரு கையில் குடையும் மறு கையில் வார் அறுந்த செருப்புமாக நிறுத்திவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். மழையும் விட்டபாடில்லை.

"காலைக் காட்டு" என்றார் பெரியப்பா.

ஆட்கள் ஏறி இறங்குகிற வழியில், ஈரப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துச் செருப்பு வாரைக் கோத்துக் கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர். எதற்கும் பதறமாட்டார். இப்படி ஒரு மனிதர் கூட இருக்கும்போது நமக்கென்ன குறை என்று பெரியம்மா அந்த நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்பு மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவின் தங்கை, புருஷன் விபத்தில் போன பிறகு, கைக்குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். "ரெண்டே மாசம்க்கா, ஒரு இடம் பார்த்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிடறேன்." அந்த இரண்டு மாதத்தில் குழந்தைக்குப் பல் முளைத்து, விழுந்து, மறுபடியும் முளைத்துவிட்டது. குழந்தைக்கு வீட்டில் பெயர் சிட்டு. இப்போது பத்து வயது. தங்கை அங்கேயே மறுமணம் செய்துகொண்டு, வீடு வாசல் என்று ஆன பிறகு, 'என் பொண்ணைக் கொடு' என்று வந்து நிற்கிறாள்.

வழக்கு முடியும்வரை சிட்டு யாரிடம் இருப்பது என்று இன்று நீதிபதி சொல்லப்போகிறார். தங்கையிடம் என்று சொல்லிவிட்டால், அவள் அடுத்த விமானத்தில் பிள்ளையோடு பறந்துவிடுவாள். பிறகு வழக்கு முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன? பெரியம்மா பெற்றவளும் இல்லை, முறைப்படி தத்தெடுத்தவளும் இல்லை. தங்கைதான் வந்துவிடுவாளே, அவள் இடத்தை நாம் எதற்கு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டாள். அந்த நல்ல மனசுக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லை.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள் வக்கீலம்மா, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே. பிஸ்கட் இல்லாமல் அவளுக்கு வாதம் வராது. "பெத்தவளா இருந்தாலும் இத்தனை வருஷமா ஒரு போன் இல்லை, ஒரு விசாரிப்பு இல்லை. தொடர்பே இல்லாத அம்மா. அதுதான் நம்ம பிடி. அதை மட்டும் நான் விடமாட்டேன்."

உள்ளே போனார்கள். கோர்ட் என்றால் பெரிய மேடையும் கூண்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி, மூலையில் ஒழுகுகிற கூரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நீதிபதிக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே தங்கையைப் பேசச் சொன்னார்.

தங்கை எழுந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"என் பொண்ணோட எனக்குத் தொடர்பே இல்லைன்னு சொல்றாங்க, ஐயா. அது பொய். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் பரிசு அனுப்பியிருக்கேன்."

வக்கீலம்மாவின் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது.

நீதிபதி ஒரு தாளைப் புரட்டினார். "குழந்தையும் கோர்ட் ஆலோசகர்கிட்ட அதையேதான் சொல்லியிருக்கு. 'அம்மா வருஷா வருஷம் அனுப்புவாங்க'ன்னு. என்னென்ன அனுப்பினீங்க?"

"ஸ்கேட்டிங் ஷூ. பெயிண்ட் பெட்டி. ஒரு மஞ்சள் ரெயின்கோட்."

பெரியம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அந்த மூன்றையும் வாங்கியவள் அவள்.

அவள் வேலை பார்ப்பது பரிசுப் பொருள் கடையில், பேக்கிங் கவுண்டரில். சதுரமோ உருண்டையோ, எதைக் கொடுத்தாலும் மடிப்புக் கலையாமல் சுற்றி, ரிப்பனைக் கத்திரி முனையால் சுருட்டிவிடுவாள். விவரம் தெரிந்த வருஷத்தில் ஒருநாள் சிட்டு, "எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று கேட்டது. அன்றைக்கு ஆரம்பித்தாள் இந்தத் திருட்டு வேலையை. பிறந்தநாள்தோறும் ஒரு பொருளை வாங்கி, 'அம்மா அனுப்பியிருக்கா' என்று கொடுப்பாள். தன் கை மடிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று, நன்றாக வந்த முனைகளைப் பிரித்து, வேண்டுமென்றே கோணலாக மடித்து, கண்ட இடத்தில் டேப்பை ஒட்டுவாள். கடைக்காரர் பார்த்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்.

சிட்டு அந்தக் காகிதத்தை மோந்து பார்த்து, "அம்மா வீட்டு வாசனை" என்று சொல்லும். அது பேக்கிங் கவுண்டர்ப் பசையின் வாசனை. பிறகு உட்கார்ந்து பதிலுக்கு ஒரு படம் வரையும். ஷூவோ பெட்டியோ, வந்த பொருளையும் அதில் போட்டுவிடும். பெரியப்பா போகிற வழியில் தபாலாபீஸ் இருந்ததால் அதை அனுப்புகிற பொறுப்பு அவருடையது.

ஆகவே தங்கைக்கு விஷயம் படங்களிலிருந்து தெரிந்திருக்கும் என்றுதான் பெரியம்மா எண்ணிக்கொண்டாள். அத்தனை படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வரி பதில் போடாதவள், இன்றைக்கு அதையே சாட்சியாக்குகிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

அதோடு தங்கை உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. உட்காரவில்லை.

"அந்த ரெயின்கோட் மட்டும் ஒரு சைஸ் பெரிசாப் போச்சுங்க. தூரத்துல இருக்கறவளுக்கு அளவு எப்படித் தெரியும்?"

பெரியம்மாவின் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அது அவளுடைய வாக்கியம். எழுத்துப் பிசகாமல் அவளுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிட்டு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, சமையலறை மேஜையில் அந்தக் கோட்டைக் கோணலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். "என்ன, சைஸ் பெரிசா இருக்கே?" என்று கேட்டார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா. "தூரத்துல இருக்கறவளுக்கு அளவு எப்படித் தெரியும்? சரியா இருந்தா வாலுக்குச் சந்தேகம் வந்துடாதா?" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த மேஜையில் மூன்றாவது ஆள் இல்லை.

பெரியம்மா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மூலையில் நிறைந்துகொண்டிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் குழந்தை வந்ததும் தொடருவோம்" என்று நீதிபதி தும்மினார்.

வெளியே டிரைவிங் ஸ்கூல் வண்டி நின்றிருந்தது. பெரியம்மா டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டாள். ஓட்டத் தெரியாது. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பெரியப்பா பக்கத்துச் சீட்டில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பவே இல்லை. ஆனாலும் அவர் வலது கால் பழக்கதோஷத்தில் பிரேக்கின்மேல் போய் அமர்ந்தது.

"எப்பச் சொன்னீங்க அவகிட்ட?"

"எதை?"

"என்னைப் புதுசா வண்டி கத்துக்க வந்தவ மாதிரி நடத்தாதீங்க. எப்ப?"

கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"போன மாசம். வந்து பாருங்க மாமான்னு போன் பண்ணினா. போனேன்."

"எனக்குத் தெரியாம."

"திட்டத்தான் போனேன். நம்பினா நம்பு. உன் பேரைக் காப்பாத்த உங்கக்கா தன் கையால வாங்கி வச்சு உன் பேரைச் சொல்லிக் கொடுக்கறா, உனக்கு வெட்கமா இல்லையான்னு கேட்டேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா."

"உடனே நீங்க எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துட்டீங்க. ஷூ, பெட்டி, கோட். கோட்டோட சைஸ் உட்பட."

"கேட்டா. சொன்னேன்."

"நான் சொன்னதைக்கூடவா? நான் உங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னதைக்கூட?"

பெரியப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"இதை இன்னிக்குக் கோர்ட்ல சொல்லப்போறான்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் கால் பிரேக்கை அழுத்தியது. பெரியம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காலையில் படியில் குனிந்து செருப்பைக் கோத்தாரே, அப்போதே தெரியும் அவருக்கு. தெரிந்துகொண்டேதான் கோத்தார். தங்கை மேல் வந்தது கோபம். இவர் மேல் வந்ததற்குக் கோபம் என்று பெயர் வைக்க முடியவில்லை.

"ஏங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"எனக்கு அலுத்துப்போச்சு" என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை, அவருக்கு உயராது. "வாசல்ல வண்டி நின்னா, அவதான் வந்துட்டாளோன்னு திக்குனு இருக்கும். அப்படியே வருஷக்கணக்கா ஓட்டியாச்சு. இப்ப நிஜமாவே வந்துட்டா. இனிமே கோர்ட்டு, வாய்தான்னு பிள்ளையை இழுத்தடிக்கணுமா? அவ பெத்தவ. நாம யாரு? காவலுக்கு இருந்தவங்க. வீட்டுக்குச் சொந்தக்காரி வந்துட்டா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"காவலா? காய்ச்சல்ல உங்க தோள்ல வாந்தி எடுத்துட்டுத் தூங்கிப்போச்சு. எழுந்துடுமேன்னு அந்தச் சட்டையோடயே உட்கார்ந்திருந்தீங்க. எந்த ஊர்க் காவல்காரன் அப்படி உட்காருவான்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருக்கலாம். பெரியம்மா அதைப் பார்க்க மறுத்துவிட்டாள். காலிலிருந்த செருப்பைக் கழற்றி, வாரிலிருந்த ஊக்கை உருவி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம். போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. அதுகிட்டயாவது வாயைத் திறக்காம வாங்க."

வெறுங்காலோடு மழையில் இறங்கி நடந்தாள்.

வக்கீலம்மா இவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். வேறு எதையும் கேட்காமல் பரிசுகளைப் பற்றி மட்டும் கேட்டாள். பெரியம்மா சொன்னாள். வக்கீலம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அட, இதைவிட என்ன வேணும்! நான்தான் வாங்கினேன், அவ பேரைச் சொல்லிக் கொடுத்தேன்னு நீதிபதிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கிறேன். வாயாலயே கெட்டா உங்க தங்கச்சி."

"சிட்டுவுக்குத் தெரிஞ்சுடுமே."

"தெரியட்டுமே. நீதிபதி கூப்பிட்டுக் கேட்பார். கேட்டுத்தான் ஆகணும்."

"அம்மா ஒண்ணுமே அனுப்பலைன்னு தெரிஞ்சுடுமே."

வக்கீலம்மா பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இங்க பாருங்க. இதைச் சொன்னா பிள்ளை ஒரு வாரம் அழும். சொல்லலைன்னா பிள்ளையே உங்களுக்கு இல்லை. நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் பெரியம்மா முடிவு செய்தாள். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவள் பெயருக்குத் தன் கையால் அலங்காரம் செய்துகொண்டிருப்பது? ஒரு வாரம் அழட்டும். மடியில் போட்டு அழவிட்டால் தீர்ந்துபோகும்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் மஞ்சளாக ஒன்று குதித்துக்கொண்டு வந்தது.

"பெரியம்மா! இங்க பாருங்களேன்!" சிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. "இதோ, கை சரியா இருக்கு! இங்க பாருங்க, முழங்கால் வரைக்கும் கரெக்டா இருக்கு! இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அம்மா தப்பா அனுப்பலை. நான் வளருவேன்னு தெரிஞ்சு வேணும்னே பெரிசா அனுப்பியிருக்காங்க!"

பின்னால் பெரியப்பா குடையை உதறிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா குனிந்து அந்தக் கோட்டின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். ஏற்கனவே போட்டிருந்த பட்டன்தான். கழற்றிப் போட்டாள்.

"ஏன் பெரியம்மா செருப்பு போடலை?"

"அறுந்துபோச்சுடா."

சிட்டுவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். நீதிபதி மூக்கைச் சிந்திவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"குழந்தையைக் கூப்பிடறதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேட்கணும்மா. உங்க தங்கச்சி பரிசு அனுப்பினதாச் சொல்றாங்க. அது உண்மைதானா?"

வக்கீலம்மா முழங்கையால் இடித்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். பெரியப்பா வாளியைப் பார்த்தார். கதவின் கண்ணாடி வழியாக மஞ்சள் தோள் ஒன்று மட்டும் தெரிந்தது. கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தோளும் சேர்ந்து ஆடியது.

"ஆமாங்க ஐயா" என்றாள் பெரியம்மா. "அவதான் அனுப்பினா."

"எல்லாமா?"

"எல்லாமே."

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தங்கை சட்டென்று நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவை. ஜெயித்தவள் முகமாக அது இல்லை. பெரியம்மாவுக்கு அதைப் பார்த்தும் இரக்கம் வரவில்லை. வராததற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

நீதிபதி குறித்துக்கொண்டார். "சரி, குழந்தையைக் கூப்பிடுங்க."

சிட்டு வந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தங்கை ஊருக்கு வந்த புதிதில் ஒரு தடவை அம்மாவைப் பார்த்திருக்கிறது, பேச வெட்கப்பட்டுப் பெரியம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இன்று ஒளியவில்லை.

"பயப்படாதே. நான் உன்னை எதையும் கேட்கப்போறதில்லை" என்றார் நீதிபதி. ஜலதோஷத்திலும் அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "நீ யாரையாவது எதையாவது கேட்கணுமா? அம்மாகிட்ட ஏதாவது?"

சிட்டு யோசிக்கவே இல்லை. நாள்கணக்காக வாயில் வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது.

"அம்மா, நான் வரைஞ்சு அனுப்பின படத்தையெல்லாம் உங்க வீட்டுல எங்க ஒட்டி வச்சிருக்கீங்க?"

தங்கையின் முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டது போல இருந்தது.

"எந்தப் படம்?" என்றாள்.

சிட்டு சிரித்தது. அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டது.

"ஸ்கேட்டிங் ஷூ போட்டுக்கிட்டு நான் விழுந்து கிடக்கற படம். அப்புறம் இந்தக் கோட்டுக்குள்ள என் தலை மட்டும் தெரியுமே, கீழ 'தேங்க்ஸ் அம்மா'ன்னு எழுதினேனே, அது. நீங்க அனுப்பும்போதெல்லாம் நானும் அனுப்பினேனே!"

தங்கை பதறிப்போய்த் திரும்பினாள். திரும்பியது வக்கீல் பக்கம் இல்லை, அக்கா பக்கமும் இல்லை.

"மாமா... படத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நீதிபதி கைக்குட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். வக்கீலம்மா பேனாவை எடுத்தாள். சற்று முன் பெரியம்மா தன் வாயால் கட்டிய பொய் அங்கேயே, பிள்ளையின் முன்னாலேயே உடைந்துவிட்டது.

ஆனால் பெரியம்மாவின் மனசு அதில் இல்லை. படங்கள் போய்ச் சேரவே இல்லை. அத்தனை வருஷமும் தங்கையைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தாளே, அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அப்போதே ஓடி வந்திருப்பாளோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் பெரியம்மா கவரை ஒட்டி, முகவரி எழுதி, அவர் கையில்தான் கொடுத்தாள். சாயங்காலம் வந்து, "போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் சட்டையைக் கழற்றுவார்.

காவல்காரராம்.

சிட்டு அம்மாவைப் பார்த்தது. பெரியம்மாவைப் பார்த்தது. அதன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கடைசியில் நாற்காலியிலிருந்து இறங்கி, நனைந்த கோட்டோடு பெரியப்பாவின் முன்னால் போய் நின்றது.

"நீங்கதானே பெரியப்பா கொண்டுபோய்ப் போட்டீங்க?"

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.